32 வருடச் சேவை, 2 நாள் முடிவு: ராணுவ அதிகாரிகள் ஏன் கலகப் பக்கம் போகிறார்கள்?

#1 வைகைக்கரையான்

ஒரு மாதமாக அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றித்தான் வாசிப்பு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பக்கம். ஓரளவு புரிகிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வண்டி நின்றுவிட்டது. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

ராபர்ட் லீ, வர்ஜீனியாக்காரர். 1829இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் வகுப்பிலேயே இரண்டாவதாகத் தேறியவர். நாலு வருடப் படிப்பில் ஒரு ஒழுங்கு மீறல்கூட அவர் பெயரில் பதிவாகவில்லை. மெக்சிகோ போரில் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டுக்கு வலது கை. பிறகு அதே கல்லூரிக்குத் தலைமை. 1861 மார்ச்சில் கர்னல் ஆகிறார், நியமன ஆணையில் ஜனாதிபதி லிங்கன் கையெழுத்து. ஏப்ரல் 18ஆம் தேதி பிரான்சிஸ் பிளேர் என்ற மூத்த அரசியல்வாதி அவரை வாஷிங்டனுக்கு அழைத்து, பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் கலகத்தை அடக்கத் திரட்டப்போகும் படைக்கு நீங்களே தளபதியாக வேண்டும் என்கிறார். எந்த ராணுவக்காரனுக்கும் வாழ்நாளில் ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். மனிதர் மறுத்துவிடுகிறார். 20ஆம் தேதி ராஜினாமா. சில நாளில் ரிச்மண்டில், தானும் பிரிந்துபோன வர்ஜீனியாவின் படைகளுக்குத் தளபதி.

இதே லீ அந்த ஜனவரியில் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், மாநிலங்கள் பிரிந்து போவது என்பது புரட்சியே தவிர வேறொன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார். அதாவது சட்டப்படி சரி என்று நம்பிப் போகவில்லை. தப்பு என்று தெரிந்தே போயிருக்கிறார்.

வயிற்றுப்பாட்டுக்குப் படையில் சேர்ந்தவன் கட்சி மாறினால் புரிந்துகொள்ளலாம். ராணுவமே வாழ்க்கை என்று இருந்தவர் எப்படி மாறுகிறார்? 'மண் பற்று' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல் சொல்லுங்கள்.

#2 எதிர்க்கேள்வி

இதில் என்ன மர்மம் இருக்கிறது? அடிமைகள். தெற்கு மாநிலங்கள் பிரிந்ததே அடிமை முறையைக் காப்பாற்ற. தெற்குக் கூட்டமைப்பின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச்சில் சவானா நகரில் வெளிப்படையாகவே பேசினார்: கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்று. லீ வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். சொத்து எங்கேயோ மனசு அங்கே. இழையை மூடலாம்.

#3 சுவடிப்பெட்டி

எதிர்க்கேள்வி, அவ்வளவு சீக்கிரம் மூடிவிடாதீர்கள். போர் ஏன் வந்தது என்ற கேள்விக்கு உங்கள் பதில் சரி. வர்ஜீனியாவின் பிரிவினைத் தீர்மானமே தெற்கின் 'அடிமை வைத்திருக்கும் மாநிலங்கள்' ஒடுக்கப்படுவதாகத்தான் புலம்புகிறது. ஆனால் வைகை கேட்டது வேறு. ஒரே ஊர், ஒரே கல்லூரி, ஒரே மாதிரி அடிமை வைத்திருந்த வீடு. அதில் ஒருவர் போகிறார், இன்னொருவர் போகவில்லை. அது ஏன்?

போர் தொடங்கும்போது அமெரிக்கத் தரைப்படை மொத்தமே சுமார் 16,000 பேர். அதிகாரிகள் 1,100க்கு முன்பின். அதில் ஏறத்தாழ 300 பேர் தெற்கே போனார்கள். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் தெற்கில் பிறந்த அத்தனை பேரும் போய்விட்டார்கள் என்று நினைப்பது தப்பு. வர்ஜீனியாவைச் சேர்ந்த கர்னல்கள் அப்போது எட்டுப் பேர் என்று கணக்கு. எட்டில் லீ ஒருவர்தான் போனவர்.

ஜார்ஜ் தாமஸ் என்று ஒருவர். வர்ஜீனியாவில் சவுத்தாம்டன் மாவட்டம், அடிமைகள் வைத்திருந்த குடும்பம். 1831இல் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தது இதே மாவட்டத்தில்தான். அன்றைக்கு வீட்டை விட்டு ஓடி ஒளிந்த குடும்பங்களில் தாமஸின் குடும்பமும் ஒன்று. அப்போது அவருக்கு 15 வயது. எதிர்க்கேள்வியின் கணக்குப்படி பார்த்தால் இவர்தான் முதல் ஆளாகத் தெற்கே போயிருக்க வேண்டும். ஆனால் கடைசி வரை ஒன்றியப் படையில், அதாவது லிங்கன் அரசின் படையில், நின்றார். 1863இல் சிக்கமாகா போரில் மற்றவர்கள் ஓடியபோது நகராமல் நின்றதால் 'சிக்கமாகாவின் பாறை' என்று பெயர். வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? சகோதரிகள் அவர் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார்கள்.

அப்புறம் சத்தியப் பிரமாணம். அதன் வாசகத்தைப் பார்க்க வேண்டும். 1806 ராணுவச் சட்டத்தில் உள்ளதன் சாரம் இதுதான்: அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு விசுவாசமாக இருப்பேன்; அவற்றின் எதிரிகள் யாரானாலும் அவற்றுக்கு நேர்மையாகச் சேவை செய்வேன். 'அதற்கு' இல்லை, 'அவற்றுக்கு'. பன்மை. நாடு என்றால் ஒன்றா, பல மாநிலங்கள் கூடிய சங்கமா என்பது அந்தத் தலைமுறைக்கு உண்மையிலேயே தெளிவாக இல்லை. எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒருமை பன்மை மயக்கம் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சத்தியம்தான் ஞாபகம் வரும்.

#4 எதிர்க்கேள்வி

டீச்சர், அதே பன்மை அமெரிக்க அரசியல் சட்டத்தின் தேசத்துரோகப் பிரிவிலும் இருக்கிறது. 'அவற்றுக்கு எதிராகப் போர் தொடுப்பது' துரோகம். அப்போதும் அவற்றுக்கு எதிராகத்தானே துப்பாக்கி தூக்கினார்கள்? இலக்கணத்தை வைத்து ஜாமீன் கேட்கக் கூடாது.

தாமஸ் விஷயம் எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன்.

#5 ஹவில்தார்_ஓய்வு

எல்லோருக்கும் வணக்கம். நான் 24 வருடம் பட்டாளத்தில் இருந்தவன், வேலூர்ப் பக்கம். புத்தகம் அதிகம் படித்தவன் இல்லை. என் பேரன் இந்த இழையைக் காட்டினான்.

இதுவரை பேசியது பூராவும் அதிகாரிகளைப் பற்றி. ஜவான்கள் என்ன செய்தார்கள் என்று யாருமே கேட்கவில்லையே?

#6 சுவடிப்பெட்டி

அண்ணே, நல்ல கேள்வி. அதற்கு லிங்கனே பதில் சொல்லியிருக்கிறார். 1861 ஜூலை 4 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், அரசு செல்லம் கொடுத்து வளர்த்த அதிகாரிகள் ஏராளமானவர்கள் விட்டுப்போனார்கள், ஆனால் சாதாரணச் சிப்பாயோ மாலுமியோ ஒருவன்கூடக் கொடியை விட்டு ஓடியதாகத் தெரியவில்லை என்று எழுதினார். ஒருவன்கூட இல்லை என்பது கொஞ்சம் மிகைதான், ஆனாலும் போனவர்கள் மிகச் சிலரே.

#7 ஹவில்தார்_ஓய்வு

நினைத்தேன். இதில் விசுவாசம் மட்டும் இல்லை அம்மா, காகித விவகாரமும் இருக்கிறது.

அதிகாரிக்குக் கமிஷன், அதாவது நியமன ஆணை. எனக்கு இது வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதினால் வெளியே வந்துவிடலாம். ஜவான் இத்தனை வருடம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன். அவன் முகாமை விட்டு வெளியே போனால் அதற்குப் பெயர் ராஜினாமா இல்லை, ஓடிப்போனவன். பிடித்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 'என் மனசாட்சி கேட்கவில்லை, என் சொந்த மண்ணை எதிர்த்து வாளெடுக்க மாட்டேன்' என்றெல்லாம் அழகாக எழுத வேண்டுமானால் முதலில் எழுதிக் கொடுக்கிற உரிமை வேண்டும்.

ஒரு சந்தேகம். அந்த லீ 20ஆம் தேதி கடிதம் கொடுத்தார் என்கிறீர்கள். அது எப்போது ஏற்கப்பட்டது? எங்கள் காலத்தில் கடிதம் கொடுத்ததும் ஆள் வெளியே இல்லை. மேலிடம் ஏற்று, பேப்பர் திரும்பி வரும்வரை அவன் படையின் ஆள்தான். நான் ஓய்வு பெறும்போது ஒரு கம்பளிக்கும் ஒரு தட்டுக்கும் கணக்கு சரியில்லை என்று பதினொரு நாள் உட்கார வைத்தார்கள். தட்டு கிடைக்கும்வரை வீட்டுக்கு விடவில்லை.

#8 வைகைக்கரையான்

அண்ணே, நீங்கள் கேட்டதும் தேடிப் பார்த்தேன். ஏப்ரல் 25 அன்றுதான் போர்த்துறை அதை ஏற்றது. வர்ஜீனியா கொடுத்த பதவியை லீ ஏற்றுக்கொண்டது அதற்கு முன்பே.

#9 ஹவில்தார்_ஓய்வு

அப்படியானால் இரண்டு மூன்று நாள் அந்த மனிதர் இரண்டு படையிலும் அதிகாரி. எங்களிடம் தட்டு வாங்கினார்களே!

#10 பொட்டோமாக்_தமிழன்

நான் இருப்பது வடக்கு வர்ஜீனியா. லீயின் ஆர்லிங்டன் வீடு எங்கள் வீட்டிலிருந்து காரில் 25 நிமிடம். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கூட்டிப்போகும் இடங்களில் அதுவும் ஒன்று, அதனால் நாலைந்து தடவை பார்த்தாயிற்று. நேரில் பார்க்காவிட்டால் பிடிபடாத ஒரு விஷயம் அங்கே இருக்கிறது.

வீடு ஒரு மேட்டின்மேல். முன்னால் பெருத்த தூண்கள். வாசலில் நின்றால் கீழே பொட்டோமாக் ஆறு, அக்கரையில் வாஷிங்டன் நகரம் முழுக்க விரித்த பாய் மாதிரி தெரியும். இன்றைக்கு நாம் பார்க்கும் நினைவுச் சின்னங்கள் பல அப்போது கிடையாது. நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலின் குவிமாடம் பாதி கட்டிய நிலையில் நின்றது. தான் சத்தியம் செய்த அரசு அவர் வாசலில் நின்றால் கண்ணுக்கு எதிரே. அவருடைய மனைவி மேரி, ஜார்ஜ் வாஷிங்டனின் வளர்ப்புப் பேரனின் மகள். வீட்டுக்குள் வாஷிங்டன் பயன்படுத்திய சாமான்கள். லீயின் அப்பா ஹென்றி லீ புரட்சிப் போரில் வாஷிங்டனிடம் குதிரைப்படை அதிகாரி. 1794இல் பென்சில்வேனியாவில் விஸ்கி வரிக் கலகம் வந்தபோது அதை அடக்கப் படை நடத்திப் போனவர். கலகத்தை அடக்கிய அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை.

வீட்டுக்குப் பின்புறம் போனால் அடிமைகள் குடியிருந்த இரண்டு கட்டடங்கள். முதல் மூன்று தடவையும் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை, முன்வாசலில் போட்டோ எடுத்துத் திரும்பிவிட்டோம். போனபிறகுதான் வெஸ்லி நாரிஸ் கதை தெரிந்தது. லீயின் மாமனார் 1857இல் இறக்கும்போது, அடிமைகளை ஐந்து வருடத்துக்குள் விடுதலை செய்ய வேண்டும் என்று உயில் எழுதினார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு லீக்கு. தோட்டத்தில் கடன் இருந்தது, அதனால் அவர்களை வேலை வாங்கிக் கடனை அடைக்கப் பார்த்தார். கிழவர் செத்தவுடன் நாம் விடுதலை என்று நம்பியிருந்த நாரிஸ், தங்கை ஒருத்தியோடும் உறவினர் ஒருவரோடும் 1859இல் ஓடினார். மேரிலாண்டில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஆண்களுக்கு 50 சவுக்கடி, தங்கைக்கு 20, அடித்த முதுகில் உப்புநீர் ஊற்றச் சொன்னார் லீ. போருக்குப் பிறகு 1866இல் நாரிஸே கொடுத்த வாக்குமூலம் இது.

அண்ணன் சொன்ன காகித விஷயத்தோடு சேர்த்துப் பாருங்கள். அதே வீட்டிலிருந்து இரண்டு வருட இடைவெளியில் இரண்டு பேர், இனி உனக்கு வேலை செய்ய மாட்டேன் என்கிறார்கள். ஒருவருக்கு முதுகு கிழிந்தது. இன்னொருவர் மரியாதையாக மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினார்.

#11 எதிர்க்கேள்வி

பொட்டோமாக், இதைத்தான் நான் இரண்டு வரியில் சொன்னேன். நீங்கள் சொன்னால்தான் எடுபடுகிறது.

#12 சுவடிப்பெட்டி

அடிமை முறை அடித்தளம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அதே அடித்தளத்தில் நின்ற இருவர் ஏன் பிரிந்தார்கள் என்றுதான் கேட்கிறேன். கொஞ்ச நாளாக ஒரு யோசனை. சிரிக்காதீர்கள்: மாமனார் வீடு எங்கே என்று பாருங்கள்.

ஜான் பெம்பர்ட்டன், பிலடெல்பியாவில் பிறந்த சுத்தமான வடக்கத்தி. மனைவி வர்ஜீனியா. தெற்கே போனார், தம்பிகள் இருவர் வடக்கில் நின்றார்கள். 1863 ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் கோட்டையை ஒன்றியத் தளபதி கிராண்டிடம் ஒப்படைத்தவர் இவரே. தெற்கத்திக்காரர்கள் கடைசி வரை இவரை முழுதாக நம்பவில்லை. பிறகு லெப்டினன்ட் ஜெனரல் பதவியை விட்டுவிட்டு, கீழே இறங்கி லெப்டினன்ட் கர்னலாக பீரங்கிப் படையில் சேவை செய்தார் பாவம்.

ஜோசையா கோர்காஸ், இவரும் பென்சில்வேனியா. மனைவி அலபாமா முன்னாள் ஆளுநரின் மகள். தெற்கின் ஆயுத உற்பத்தி முழுக்க இவர் கையில். சாமுவேல் கூப்பர், அமெரிக்கப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல் (தலைமை நிர்வாக அதிகாரி), வடக்கில் பிறந்தவர். மனைவி வர்ஜீனியாவின் மேசன் குடும்பம். தெற்கே போய் அங்கே எல்லோருக்கும் மூத்த ஜெனரல் ஆனார்.

திருப்பியும் பாருங்கள். ஜார்ஜ் தாமஸின் மனைவி நியூயார்க் மாநிலம் ட்ராய் ஊர்க்காரி. லீக்குப் பங்காளி முறையில் சாமுவேல் பிலிப்ஸ் லீ என்று ஒரு கடற்படை அதிகாரி. என் நியமன ஆணையில் வர்ஜீனியா என்ற வார்த்தை எங்கேயாவது இருந்தால் காட்டுங்கள், அப்புறம் போகிறேன் என்றாராம். அவர் மனைவி யார் என்று நினைக்கிறீர்கள்? முதல் பதிவில் வருகிற பிரான்சிஸ் பிளேரின் மகள்.

#13 வைகைக்கரையான்

டீச்சர்! 'பெண் கொடுத்த இடம்' கோட்பாடு என்று பெயர் வைத்துவிடலாம்.

ஆனால் லீ தன் அக்கா ஆனுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் இது வேடிக்கையாகத் தெரியவில்லை. என் உறவினர்கள், என் பிள்ளைகள், என் வீடு இவர்களுக்கு எதிராகக் கையை ஓங்க என்னால் முடியவில்லை என்கிறார். அதில் அரசியல் சட்டமும் மாநில உரிமையும் முன்னால் வரவில்லை. கொடுமை என்னவென்றால் அந்த அக்கா பால்டிமோரில் ஒன்றியத்தின் பக்கம், அவள் மகன் ஒன்றியப் படையில். உறவினரை எதிர்க்க மாட்டேன் என்று உறவினருக்கே எழுதிவிட்டு, அந்த உறவினரை எதிர்த்தே போரிட்டார்.

#14 எதிர்க்கேள்வி

டீச்சருக்கு இரண்டு பெயர் சொல்கிறேன். கோட்பாட்டைப் பழுது பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்று, வின்ஃபீல்ட் ஸ்காட். படைத் தலைவர், வர்ஜீனியாக்காரர், மனைவி ரிச்மண்ட் நகரத்துப் பெண். 74 வயதில், குதிரை ஏற முடியாத உடம்போடு, ஒன்றியத்தை விட்டு அசையவில்லை.

இரண்டு, பிலிப் செயின்ட் ஜார்ஜ் குக். வர்ஜீனியாவில் பிறந்த குதிரைப்படைக் கர்னல். ஒன்றியத்தில் நின்றார். மகனும் மருமகன் ஜெப் ஸ்டூவர்ட்டும் தெற்கே. மாமனார் எடுத்த முடிவைப் பற்றி ஸ்டூவர்ட் சொன்னது: அவர் ஒரே ஒரு தடவைதான் வருத்தப்படுவார், அது நிற்காமல் தொடரும். அதோடு விடவில்லை. தன் கைக்குழந்தைக்கு மாமனார் பெயரை வைத்திருந்தார், அதையும் மாற்றிவிட்டார். 1862 ஜூனில் ஒன்றியப் படையைச் சுற்றி ஸ்டூவர்ட் குதிரையில் வளையம் போட்டபோது துரத்திய குதிரைப்படைக்குத் தலைமை யார்? அந்த மாமனார்தான். பிடிக்க முடியவில்லை.

#15 சுவடிப்பெட்டி

ஸ்காட் என் கோட்பாட்டை உடைக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். குக் பாதி உடைக்கிறார். விதி என்று சொல்லாமல் காற்று வீசும் திசை என்று வைத்துக்கொள்வோம்.

இன்னொன்றையும் கவனித்தேன். நின்றவர்களில் பலர் வயதில் மூத்தவர்கள், சொந்த ஊரை விட்டு எல்லைக் கோட்டைகளில் பல பத்தாண்டு வாழ்ந்தவர்கள். ராணுவமே ஊர் என்று ஆனவர்கள்.

#16 மலாயா_பேரன்

இங்கே ஐஎன்ஏ (இந்திய தேசிய ராணுவம்) பற்றி யாரும் பேசவில்லையே? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அங்கேதான் கேப்டன் மோகன் சிங் பேசினார். பஞ்சாப் ரெஜிமென்ட், முறையாகக் கமிஷன் வாங்கிய அதிகாரி. ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், தில்லான் எல்லோரும் தொழில்முறை ராணுவ அதிகாரிகள். மன்னருக்குச் சத்தியம் செய்தவர்கள். அவர்களும் உங்கள் கணக்கில் லீ மாதிரி துரோகிகளா?

என் தாத்தா பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளி. சுபாஷ் வந்த பிறகு சேர்ந்தவர். அவருக்கு உடைக்கச் சத்தியம் எதுவும் இல்லை, பால் வெட்டும் கத்தியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதிகாரிகளுடைய நிலைமை அப்படி இல்லையே.

#17 வைகைக்கரையான்

நல்ல ஒப்பீடு, ஆனால் ஒரே தராசில் வைக்க முடியாது. ஐஎன்ஏ அதிகாரிகள் மேல் டெல்லி செங்கோட்டையில் நடந்த வழக்கில் ஷா நவாஸ் கான் இதைத்தான் சொன்னார்: என் முன்னால் இருந்த கேள்வி மன்னரா, தேசமா என்பது. அந்த மன்னரைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஓட்டு இருந்ததா? லீக்கு இருந்தது. அவர் மாநிலத்துக்குக் காங்கிரசில் பிரதிநிதி இருந்தார்கள், தேர்தலில் தோற்றதும் வெளியே போனார்கள். ஆட்டத்தில் சரிசமமாக உட்கார்ந்தவன் சீட்டைக் கலைப்பதும், ஆட்டத்தில் இடமே தராதவன் மேசையைக் கவிழ்ப்பதும் ஒன்றில்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு முள் இருக்கிறது, அதை மறுக்க முடியவில்லை. ஐஎன்ஏவிலும் சேர மறுத்த இந்திய அதிகாரிகள் உண்டு. பத்வார், தார்கல்கர் என்ற இரு கேப்டன்களைக் கூண்டில் போட்டு வதைத்தார்கள், அப்போதும் சேரவில்லை. அவர்களைத் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

#18 ஹவில்தார்_ஓய்வு

சுதந்திரத்துக்கு அப்புறம் ஐஎன்ஏ ஆட்களைக் கொண்டாடினார்கள், மாலை போட்டார்கள். ஆனால் படையில் திரும்பச் சேர்க்கவில்லை. எங்கள் லைனில் வயசான சுபேதார் ஒருவர் சொல்வார்: ஒரு தடவை நல்ல காரணத்துக்குச் சத்தியத்தை உடைத்தவன், அடுத்த தடவை எது நல்ல காரணம் என்று அவனே முடிவு செய்வான், அதுதான் மேலே இருக்கிறவனுக்குப் பயம். அவர் சொன்னது சரியா தப்பா என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஷபேக் சிங். மேஜர் ஜெனரல். 71 போருக்கு முன்னால் வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினிக்குப் பயிற்சி கொடுத்தவர். ஓய்வுக்கு ஒரு நாள் முன்னால், கோர்ட் மார்ஷல்கூட வைக்காமல், ஊழல் குற்றச்சாட்டில் பதவி நீக்கினார்கள். அப்புறம் நீதிமன்றம் விடுவித்தது. அதற்குள் மனிதர் சீக்கியத் தீவிரவாதத் தலைவர் பிந்தரன்வாலே பக்கம் போய், 84 ஜூனில் பொற்கோயிலுக்குள் காப்பரண் போட்டுக் கொடுத்து அங்கேயே இறந்தார். எதிரே படை நடத்திய பிரார், ராணுவ அகாடமியில் ஷபேக்கிடம் பயிற்சி பெற்றவர். காரணம் மதமா, மானமா, ஒரு நாள் முன்னால் பறித்த பதவியா, யார் பிரித்துச் சொல்ல முடியும்? நான் அவர் செய்ததை நியாயப்படுத்தவில்லை. ஓய்வு நாளில் ஒருத்தனை எப்படி அனுப்புகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

#19 நெறியாளர்

84 விவகாரத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தொடர வேண்டாம்.

#20 பொட்டோமாக்_தமிழன்

ஆசிரியர் மாணவர் விஷயம் 1861லும் உண்டு. போர் தொடங்கிய சம்டர் கோட்டைக்குள் இருந்தவர் மேஜர் ராபர்ட் ஆண்டர்சன். ஏப்ரல் 12 அன்று வெளியிலிருந்து குண்டு போட்டவர் தெற்கின் தளபதி பியூரிகார்ட். வெஸ்ட் பாயின்டில் பியூரிகார்டுக்குப் பீரங்கி சொல்லிக்கொடுத்தவர் அதே ஆண்டர்சன். குறி தப்பவில்லை, வாத்தியார் ஒழுங்காகத்தான் கற்பித்திருக்கிறார்.

#21 எதிர்க்கேள்வி

மனக்குறை கோட்பாட்டை 1861க்குப் பொருத்திப் பார்த்தேன். மேல்மட்டத்தில் பொருந்தவில்லை. லீக்குப் படைத்தலைமையே தட்டில் வைத்து நீட்டினார்கள். கூப்பரும் ஜோசப் ஜான்ஸ்டனும் ஏற்கெனவே உச்சாணிக் கொம்பில். கீழ்மட்டத்தில் கொஞ்சம் பொருந்தும். பதவி உயர்வு முழுக்க மூப்பு வரிசையில், ஓய்வூதிய ஏற்பாடே கிடையாது, அதனால் கிழவர்கள் நாற்காலியை விட்டு இறங்குவதில்லை. லீயே 1838இல் கேப்டன் ஆனவர், அடுத்த நிரந்தரப் பதவி உயர்வுக்கு 1855 வரை காத்திருந்தார். 17 வருடம்! தெற்கே புதுப் படை, எல்லா நாற்காலியும் காலி. நேற்றைய கேப்டன் நாளை பிரிகேடியர்.

பதவி ஆசை எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஜான்ஸ்டன் சாட்சி. அமெரிக்கப் படையில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்து தெற்கே வந்தவர். 1861 ஆகஸ்டில் ஐந்து முழு ஜெனரல்களை அறிவித்தபோது அவருக்கு நாலாவது இடம். கூப்பர், ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டன், லீ மூவரும் மேலே. உடனே தெற்கின் ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸுக்கு ஒரு நீண்ட கோபக் கடிதம். இருவருக்கும் அதற்குப் பிறகு ஒட்டவே இல்லை. மாநிலத்துக்காக எல்லாவற்றையும் துறந்து வந்தவர், வரிசையில் நாலாவதாக நிற்க மட்டும் மனசு வரவில்லை.

#22 ஹவில்தார்_ஓய்வு

தம்பி, சீனியாரிட்டியைப் பற்றிச் சிரிக்காதே. பட்டாளத்தில் அதுதான் ஜாதகம்.

இன்னொன்று கேட்கணும். ராஜினாமா கடிதம்கூடக் கொடுக்காமல் போனவன் யாராவது உண்டா?

#23 சுவடிப்பெட்டி

உண்டு அண்ணே. டேவிட் ட்விக்ஸ், ஜார்ஜியாக்காரர், டெக்சாஸ் ராணுவப் பிரிவின் தலைவர். 1861 பிப்ரவரியில், அமெரிக்கச் சீருடையில் இருந்தபடியே, தன் பொறுப்பில் இருந்த கோட்டைகள், ஆயுதங்கள், தளவாடங்கள் அத்தனையையும் டெக்சாஸ் பிரிவினைக்காரர்களிடம் ஒப்படைத்தார். மார்ச் 1 அன்று துரோகத்துக்காகப் பதவி நீக்கம் செய்தார்கள். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த லீ, ட்விக்ஸ் பணிந்த அதே பிப்ரவரி நாளில் சான் அன்டோனியோ வந்து இறங்கினார், சதுக்கத்தில் பிரிவினைப் படையைக் கண்ணால் பார்த்தார்.

இதற்கு நேர் எதிர் ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டன். கலிபோர்னியாவில் பசிபிக் பிரிவின் தலைவர். ராஜினாமா எழுதியபிறகும், மாற்று அதிகாரி வந்து சேரும்வரை ஆயுதக் கிடங்கைக் காத்து, கணக்கை ஒப்படைத்துவிட்டு, பாலைவனம் தாண்டித் தெற்கே போனார். உங்கள் தட்டுக் கணக்கில் தேறுபவர் இவர்தான். மறுவருடம் ஷைலோ போரில் செத்தார்.

#24 மலாயா_பேரன்

தோற்ற பிறகு இவர்களுக்கு என்ன தண்டனை? செங்கோட்டையில் மூவருக்கும் ஆயுள் நாடுகடத்தல் என்று தீர்ப்பு வந்து, ஊர் கொந்தளித்ததால் ரத்தானது.

#25 எதிர்க்கேள்வி

அங்கே தீர்ப்பு வரைகூடப் போகவில்லை. 1865 ஜூனில் நார்ஃபோக்கில் லீ மேல் துரோகக் குற்றச்சாட்டு பதிவானது. சரணடைந்தவர்களுக்குப் பாதுகாப்பு தருவதாக நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று கிராண்ட் குறுக்கே நின்றார். 1868 கிறிஸ்துமஸில் எல்லோருக்கும் மன்னிப்பு. லீ 1865 அக்டோபரில் கையெழுத்துப் போட்ட விசுவாசப் பிரமாணம் 1970இல்தான் ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டது. 1975இல் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள், செத்து 105 வருடம் கழித்து.

சட்டம் பாடம் கற்றது. சத்திய வாசகத்தில் 'வெளியிலும் உள்நாட்டிலும் உள்ள எதிரிகள்' என்று 1862இல் சேர்த்தார்கள். அந்த 'உள்நாட்டிலும்' இவர்களால் வந்தது. இன்றைக்கும் அங்கே அதிகாரிகள் அதைச் சொல்லித்தான் சேர்கிறார்கள். 1868இல் வந்த 14ஆவது திருத்தம், சத்தியம் செய்துவிட்டுக் கலகத்தில் இறங்கியவன் திரும்பவும் அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்றது.

#26 வைகைக்கரையான்

என் கேள்விக்கு நானே எட்டிய இடத்தைச் சொல்கிறேன், யாரும் அடிக்க வரலாம். லீ இரண்டு நாளில் மாறவில்லை. அவர் எப்போதுமே அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறார், கேள்வி வராததால் அவருக்கே தெரியவில்லை. மகனுக்கு ஜனவரியில் எழுதியது அவர் படித்தது. ஏப்ரலில் செய்தது அவர் வளர்ந்தது.

பிற்காலத்தில் அவர் மகள் எழுதிய ஒரு கடிதம் கிடைத்திருக்கிறது. ராஜினாமா எழுதி முடித்துவிட்டுக் குடும்பத்தாரைக் கூப்பிட்டுச் சொன்னபோது எல்லோரும் வாயடைத்து நின்றார்களாம். நான் பெருந்தவறு செய்துவிட்டதாக நினைக்கிறீர்கள் போலிருக்கிறது என்றாராம். ஆக வீடும் அவரைத் தள்ளவில்லை.

#27 சுவடிப்பெட்டி

அப்படியானால் தாமஸ்? அவரும் அதே மண்ணில்தானே வளர்ந்தார்?

அவரும் முதலில் ஆடிப்போனவர்தான் என்று சொல்ல இடம் இருக்கிறது. 1861 ஜனவரியில் வர்ஜீனியா ராணுவப் பள்ளியில் ஒரு வேலைக்கு விசாரித்து எழுதியிருக்கிறார், எதிரிகள் அதைக் கடைசி வரை குத்திக் காட்டினார்கள். ஆனால் நேரம் வந்தபோது நின்றார். காரணம் கேட்டால் நீளமாக எழுதி வைக்கவும் இல்லை. போனவர்கள்தான் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

போர் முடிந்து சகோதரிகள் கஷ்டப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டு உதவி அனுப்பினாராம். எங்களுக்கு ஜார்ஜ் என்று சகோதரன் இல்லை என்று திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். 1870இல் இறந்தார். மனைவியின் ஊரான ட்ராயில் அடக்கம். அவர் பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

#28 பொட்டோமாக்_தமிழன்

அடக்கம் என்றதும் ஒன்று. ஆர்லிங்டன் வீட்டைச் சுற்றி இன்று ராணுவக் கல்லறைத் தோட்டம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையை முன்னின்று செய்தவர் மாண்ட்கோமரி மெய்க்ஸ். பிறந்தது தெற்கே ஜார்ஜியாவில், நின்றது ஒன்றியத்தில். இளம் வயதில் மிசிசிப்பி ஆற்று வேலையில் லீக்குக் கீழே லெப்டினன்டாக இருந்தவர். 1864இல் அவர்தான் பிணங்களை வீட்டுக்கு ஒட்டியே புதைக்கச் சொன்னார், லீ குடும்பம் திரும்பி வந்து குடியிருக்க முடியாதபடி. திருமதி லீயின் ரோஜாத் தோட்டத்து ஓரத்தில் வரிசையாக அதிகாரிகளின் கல்லறைகள். பக்கத்திலேயே ஒரு கற்பெட்டகம், அதற்குள் பெயர் தெரியாத 2,111 சிப்பாய்களின் எலும்புகள்.

#29 ஹவில்தார்_ஓய்வு

அந்த 2,111 பேரில் இரண்டு பக்கத்து ஆட்களும் கலந்திருப்பார்களா?

#30 பொட்டோமாக்_தமிழன்

கலந்திருக்கலாம் அண்ணே. போர்க்களத்தில் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கி எடுத்தது. சீருடை மட்கிப் போயிருந்தால் யார் எந்தப் பக்கம் என்று எப்படிப் பிரிப்பது? ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன், மச்சினன் வந்திருக்கிறான். கல்வெட்டில் இருப்பதைப் படம் எடுத்துப் போடுகிறேன்.